அந்நியன், ஆனால் யாருக்கு?

போன வாரம் வீட்டுக்கு வந்திருந்த சித்தி பையன், மேஜை மேல் கிடந்த 'அந்நியன்' புத்தகத்தை எடுத்துப் புரட்டிவிட்டு, "விக்ரம் படத்தோட கதையாண்ணா?" என்றான். இல்லடா, இது அதுக்கு ரொம்ப முந்தி வந்தது என்றேன். படம் 2005. வெ. ஸ்ரீராம் பிரெஞ்சிலிருந்து நேரடியாக மொழிபெயர்த்து க்ரியா வெளியிட்ட 'அந்நியன்' 1980. ஆல்பெர் காம்யுவின் மூலம் 1942-ல், ஜெர்மானியர் பிடியில் இருந்த பாரிஸில் வந்தது. அவன் விடவில்லை. "சரி, அந்நியன்னா யாருக்கு அந்நியன்?" என்று கேட்டான். பதிலுக்குக் காத்திராமல் போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டான்.

அவன் சும்மாதான் கேட்டான். எனக்குத்தான் ஒரு வாரமாக அது மண்டையைக் குடைகிறது. இருபது வருஷமாக இந்த நாவலைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறேன். இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. அதனால் நாவலை மறுபடியும் முதலிலிருந்து வாசித்தேன். அந்த வாசிப்பின் குறிப்புகள்தான் இவை.

முதலில் சொல். தமிழில் 'அந்நியன்' என்று சொன்னாலே அதற்குள் ஒரு நான்காம் வேற்றுமை ஒளிந்திருக்கிறது. கல்யாண வீட்டில் "பொண்ணு சொந்தத்துலயா, அந்நியத்துலயா?" என்று கேட்பார்கள். பக்கத்து வீட்டுக்காரர் கடன் கேட்கத் தயங்கினால் "என்னங்க, எங்கள அந்நியமா நெனச்சுட்டீங்களே" என்று கோபித்துக்கொள்வோம். தாத்தா காலத்து மேடைகளில் 'அந்நிய ஆட்சி', 'அந்நியத் துணி'. எல்லாவற்றிலும் ஒரு கோடு கிழித்திருக்கிறது. இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். தனியாக உட்கார்ந்துகொண்டு ஒருவன் அந்நியனாக இருக்க முடியாது.

பிரெஞ்சு மூலத்தின் தலைப்புச் சொல்லும் ஏறக்குறைய இப்படித்தான். வெளிநாட்டுக்காரன், முன்பின் தெரியாதவன் என்று இரண்டு அர்த்தமும் அதில் உண்டு. ஆங்கிலத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டியிருந்தது. 1946-ல் ஸ்டூவர்ட் கில்பர்ட்டின் ஒரே மொழிபெயர்ப்பு லண்டனில் 'தி அவுட்சைடர்' என்றும் நியூயார்க்கில் 'தி ஸ்ட்ரேஞ்சர்' என்றும் வெளிவந்தது. இரண்டுமே வெளிநாட்டுக்காரன் என்ற அர்த்தத்தைப் பின்னுக்குத் தள்ளிவிட்டன. ஸ்ரீராமின் தலைப்பில் அது பத்திரமாக இருக்கிறது. 'அந்நிய ஆட்சி' என்று சொல்லிப் பழகிய காதுக்கு, பிரெஞ்சு ஆட்சியில் இருந்த அல்ஜீரியாவில் நடக்கும் கதைக்கு 'அந்நியன்' என்று பெயர் வைத்தால் முதலில் கேட்க வேண்டியது அந்த அர்த்தம்தான். நமக்குக் கேட்கவில்லை. எனக்குக் கேட்கவில்லை.

ஏன் கேட்கவில்லை என்பதற்கு ஒரு காரணம் உண்டு. நாங்கள் புத்தகத்தைத் திறக்கும் முன்பே அந்தச் சொல் தத்துவமாகிவிட்டிருந்தது. எஸ்.வி. ராஜதுரையின் 'எக்ஸிஸ்டென்ஷியலிசம்', 'அந்நியமாதல்' இரண்டும் 1970-களில் வந்தவை. நான் படித்தது அட்டை கிழிந்த நூலகப் பிரதிகளை. மார்க்ஸ் 1844-ல் எழுதிய கையெழுத்துப் பிரதிகளில் அந்நியமாதல் என்பதற்கு 'எதிலிருந்து' என்று தெளிவாக விடை உண்டு. தொழிலாளி தான் செய்த பொருளிலிருந்து, செய்கிற வேலையிலிருந்து, சக மனிதனிடமிருந்து, மனித இயல்பிலிருந்தே அந்நியமாகிறான். அந்தக் குறிப்புகள் அச்சில் முழுதாக வந்தது 1932-ல். அதற்குப் பிறகு இருத்தலியல்காரர்களும் இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் கையில் அது கொஞ்சம் கொஞ்சமாகப் பிரபஞ்சத்தின் மேல் வருத்தமாக மாறியது. (காம்யு தன்னை இருத்தலியல்காரர் என்று சொல்லாதீர்கள் என்று 1945-லேயே மறுத்தவர். யார் கேட்டார்கள்?) தமிழ்ச் சிறுபத்திரிகைகள் வழியாக எங்களிடம் வந்து சேரும்போது வேலை கிடைக்காத, காதல் கைகூடாத, மேன்ஷன் அறையில் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிற எந்த இளைஞனும் அந்நியமானவன்தான் என்றாகியிருந்தது.

நானும் அப்படிப் படுத்திருந்தவன்தான். இருபத்தொரு வயதில், விடுதி அறையில், ஒரே ராத்திரியில் 'அந்நியனை' முடித்தேன். மெர்சோ நான்தான் என்று முடிவு கட்டினேன். வீட்டிலிருந்து போன் வந்தால் ஒரு வார்த்தையில் பதில் சொன்னேன். நண்பனின் அப்பா சாவுக்குப் போய் ஓரமாக நின்றுவிட்டு வந்து, "எனக்கு ஒண்ணும் தோணல, அதான் உண்மை" என்று பெருமையாகச் சொன்னேன். இன்றைக்கு நினைத்தால் கூசுகிறது. ஆனால் அந்த நாவல் அப்படிச் செய்யத் தூண்டும் என்பதும் உண்மை. தனக்குத் தோன்றாததைத் தோன்றியதாகச் சொல்ல மறுப்பவனே நேர்மையானவன் என்று அது நம்மை நம்பவைக்கிறது. நாங்கள் மட்டும் நம்பவில்லை. 1955-ல் அமெரிக்கக் கல்லூரிப் பதிப்புக்கு எழுதிய முன்னுரையில் காம்யுவே மெர்சோவைப் பொய் சொல்ல மறுத்ததற்காகத் தண்டிக்கப்பட்டவன் என்றுதான் அறிமுகப்படுத்துகிறார்.

இந்த முறை வாசிக்கையில் நான் முதலில் தடுக்கி விழுந்த இடம் அதுதான். மெர்சோ பொய் சொல்கிறான்.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. மெர்சோ அல்ஜியர்ஸ் நகரில் குமாஸ்தா. எண்பது கிலோமீட்டர் தள்ளி மராங்கோவில் முதியோர் இல்லத்திலிருந்த அம்மா இறந்துபோகிறாள். போகிறான், உடலருகே உட்கார்ந்து பால் கலந்த காப்பி குடிக்கிறான், சிகரெட் பிடிக்கிறான், அழவில்லை. மறுநாள் அடக்கம். அதற்கடுத்த நாள் கடலில் குளிக்கப் போய் மரியைச் சந்திக்கிறான், இருவரும் ஒரு சிரிப்புப் படம் பார்க்கிறார்கள். அதே கட்டடத்தில் குடியிருக்கும் ரேமோன் என்பவனோடு பழக்கமாகிறது. ரேமோன் பெண்களை வைத்துப் பிழைப்பவன் என்று அக்கம்பக்கத்தில் பேச்சு. அவனால் வந்த தகராறில், ஒரு ஞாயிற்றுக்கிழமை கடற்கரையில், கத்தியை எடுத்துக் காட்டிய ஓர் அரபியை மெர்சோ சுட்டுவிடுகிறான். முதலில் ஒரு குண்டு. கொஞ்சம் விட்டு, அசையாமல் கிடக்கும் உடல்மேல் இன்னும் நான்கு. விசாரணை. மரண தண்டனை.

இனி பொய்க்கு வருகிறேன். ரேமோன் வைத்திருந்த பெண் தன்னை ஏமாற்றுகிறாள் என்று அவனுக்குச் சந்தேகம். ஏற்கெனவே அடித்திருக்கிறான், அது போதவில்லை. அவளை மறுபடி வரவழைத்து அவமானப்படுத்த வேண்டும். அதற்கு அவள் மனம் இளகும்படி ஒரு கடிதம் வேண்டும். எழுதித் தருவது மெர்சோ. ரேமோனுக்குத் திருப்தியாக இருக்க வேண்டும் என்று சிரத்தையாகவே எழுதுகிறான். கடிதம் வேலை செய்கிறது. அவள் வருகிறாள், அடி வாங்குகிறாள், கட்டடமே அவள் அலறலைக் கேட்கிறது. போலீஸ்காரர் வந்ததும் தன்னை அடித்தான் என்றும் அவன் என்ன தொழில் செய்பவன் என்றும் அழுதுகொண்டே சொல்கிறாள். பிறகு மெர்சோ காவல் நிலையத்துக்குப் போய், தவறு அவள் பேரில்தான் என்று ரேமோனுக்காகச் சாட்சி சொல்கிறான். அவள் என்ன செய்தாள் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? ரேமோன் சொன்னதைத் தவிர ஒன்றும் தெரியாது. அவன் சொன்னதை யாரும் சரிபார்க்கவில்லை என்று அவனே நம்மிடம் போகிறபோக்கில் சொல்லிவிட்டு நகர்கிறான். ரேமோன் ஓர் எச்சரிக்கையோடு தப்பிக்கிறான்.

தனக்குள் என்ன இருக்கிறது என்பது பற்றி மெர்சோ பொய் சொல்வதில்லை. அம்மாவிடம் பாசம், மரியிடம் காதல், கடவுள் நம்பிக்கை, பச்சாதாபம் என்று யார் எதைக் கேட்டாலும் இருப்பதை இருப்பதாகவும் இல்லாததை இல்லாததாகவும் சொல்கிறான். அதற்காகக் கழுத்தைக்கூடக் கொடுக்கிறான். ஓர் அரபிப் பெண்ணைப் பற்றி அதிகாரியிடம் பொய் சொல்வது மட்டும் அவன் நேர்மைக் கணக்கில் வரவே இல்லை. அங்கே அவன் யாருக்கும் அந்நியன் இல்லை. ரேமோனுக்கு நண்பன், போலீஸுக்கு நம்பத்தகுந்த ஆள். கோட்டுக்கு இந்தப் பக்கம் வசதியாகவே நிற்கிறான். இருபத்தொரு வயதில் இந்தப் பக்கங்களை நான் எப்படிக் கடந்தேன் என்று தெரியவில்லை. அடக்கம் நடக்கும் பகுதியில் வரிக்கு வரி கோடு போட்டு வைத்திருக்கிறேன். இங்கே ஒரு புள்ளிகூட இல்லை.

அந்தப் பெண் அரபி என்பது மெர்சோவுக்கு எப்படித் தெரிகிறது என்பதையும் பாருங்கள். ரேமோன் அவள் பெயரைச் சொல்கிறான். பெயரைக் கேட்டதும் அவள் எந்த இனம் என்று மெர்சோவுக்குப் புரிந்துவிடுகிறது. அவ்வளவுதான். பெயர் அவனிடமே நின்றுவிடுகிறது, நம் கைக்கு வருவதில்லை. அரபிகளுக்கு இந்த நாவலில் பெயர் கிடையாது என்று பலரும் சொல்லியிருக்கிறார்கள், நானும் சொல்லியிருக்கிறேன். அது முழுக்கச் சரியில்லை. கதைக்குள் ஒரு பெயர் உச்சரிக்கப்படுகிறது. கதைசொல்லி அதை எங்களுக்குத் தரவில்லை. கிழவர் சலமானோ, மாஸோன், ஓட்டல்காரர் செலஸ்த் என்று வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் பெயர் இருக்கிற புத்தகம் இது.

இதைக் காம்யுவின் கண்மூடித்தனம் என்று சொல்லி முடித்துவிடலாம். 1970-ல் கானர் க்ரூஸ் ஓ'ப்ரையன் எழுதிய சிறு நூல் கிட்டத்தட்ட அந்தத் திசையில்தான் போகிறது. கத்தி காட்டிய அரபியைச் சுட்ட ஒரு பிரெஞ்சுக்காரனுக்கு அன்றைய அல்ஜீரிய நீதிமன்றம் தலையை வெட்டும் தண்டனை கொடுத்திருக்காது என்பது அவர் வாதத்தின் சாரம். நாவலின் இரண்டாம் பாதியே நடக்க முடியாத கதை என்றாகிறது. எட்வர்ட் சயித் 1993-ல் 'கலாசாரமும் ஏகாதிபத்தியமும்' நூலில் இதை இன்னும் கறாராக வைத்தார். இரண்டு பேரும் சொல்வதில் எனக்குப் பெரிய மறுப்பு இல்லை. கண்மூடித்தனம் என்ற சொல்தான் ஒட்டவில்லை. காம்யுவுக்குக் கண் நன்றாகவே திறந்திருந்தது.

1939 ஜூனில், 'அல்ஜே ரெபுப்ளிக்கேன்' பத்திரிகையின் நிருபராகக் கபிலிய மலைப்பகுதிக்குப் போய், அங்குள்ள பட்டினியைப் பற்றித் தொடர் கட்டுரைகள் எழுதியவர் அவர். அதே ஆண்டு, ஒரு முஃப்தியின் கொலையைத் தூண்டியதாகக் குற்றம் சாட்டப்பட்ட ஷேக் எல் ஓக்பியின் வழக்கை நீதிமன்றத்தில் உட்கார்ந்து நாள்தோறும் எழுதினார். ஷேக் விடுதலையானார். ஆக, அல்ஜியர்ஸ் நீதிமன்றம் எப்படி இயங்கும், அங்கே ஓர் அரபியின் பெயர் எப்படிக் கூப்பிடப்படும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. 'அந்நியனின்' கைப்பிரதியை முடித்தது 1940 மே மாதம், எல் ஓக்பி வழக்கு முடிந்து ஓராண்டுகூட ஆகாதபோது. பத்திரிகையில் பெயர் சொல்லி எழுதிய கை நாவலில் பெயரை விட்டுவிடுகிறது. தெரியாமல் நடந்த காரியமாக இதைப் பார்க்க என்னால் முடியவில்லை. மெர்சோவின் காதில் எது தங்கும், எது தங்காது என்று தெரிந்துதான் எழுதியிருக்கிறார் என்று நினைக்கிறேன்.

அப்படி வாசித்தால் நீதிமன்றப் பகுதி வேறு மாதிரி தெரிகிறது. இல்லத்தின் மேலாளர் வருகிறார், வாயிற்காவலர் வருகிறார், அம்மாவின் நண்பர் பெரேஸ் வருகிறார், செலஸ்த், மரி, மாஸோன், சலமானோ, கடைசியாக ரேமோன். பால் காப்பி குடித்தானா, சிகரெட் பிடித்தானா, மறுநாளே பெண்ணோடு படம் பார்த்தானா? நாங்கள் எப்போதும் சிரித்தது இதைப் பார்த்துத்தான். கொலையை விட்டுவிட்டு அழுகையை விசாரிக்கிறார்களே, எவ்வளவு அபத்தம்! கடிதம் எழுதிய விஷயம்கூட விசாரணையில் அடிபடுகிறது. அடிபட்டவளைக் கூப்பிடவில்லை. செத்தவனின் வீட்டிலிருந்து ஒருவரும் வரவில்லை. கடற்கரையில் அவனோடு இருந்த இன்னொருவன், மூன்றே சுரங்களை ஒரு நாணல் குழலில் திரும்பத் திரும்ப ஊதிக்கொண்டிருந்தானே, அவனையும் யாரும் தேடவில்லை. இந்த நீதிமன்றம் அபத்தமானது என்று சொல்லி இருபது வருஷம் சிரித்தேன். அது கொலையைப் பற்றிப் பேசாமலிருப்பதற்கு வேறொரு எளிய காரணம் இருக்கலாம் என்று தோன்றவில்லை. காலனி நீதிமன்றத்துக்குச் செத்தவன் ஒரு பொருட்டே இல்லை. அம்மாவுக்காக அழாதது மட்டும்தான் அவர்களுக்கு உறைத்த குற்றம். பிரபஞ்சத்தின் அபத்தம் என்று நாங்கள் பெயர் வைத்தது ஓர் ஆட்சியின் வழக்கமாகக்கூட இருக்கலாம்.

ஓ'ப்ரையன் சொன்ன நம்பகத்தன்மைக் கேள்வி அப்படியே நிற்கிறது. அதை நான் தீர்த்துவிட்டதாகச் சொல்லவில்லை. மெர்சோவைத் தியாகியாக்க வேண்டும் என்பதற்காகக் காம்யு தண்டனையை ஏற்றிவிட்டார் என்றே நினைக்கிறேன். அந்த இடத்தில் தத்துவக்காரர் ஜெயித்துவிட்டார், நீதிமன்ற நிருபர் தோற்றுவிட்டார். 1955 முன்னுரையில் அந்த நிருபரைக் காணவே காணோம். பொய் சொல்லாத நாயகனைப் பற்றிப் பேசுகிற அந்த இரண்டு பக்கத்தில் செத்தவனுக்கு இடம் கிடைக்கவில்லை. அல்ஜீரியாவில் சுதந்திரப் போர் தொடங்கி மாதங்கள் ஆகியிருந்த நேரம் அது.

நாவலில் நான் இப்போது அதிகம் திரும்பிப் போகிற இடம் ஒன்று உண்டு. ஒரு பத்திகூடத் தேறாது. கைதானதும் மெர்சோவை முதலில் அடைப்பது ஒரு பொது அறையில். அங்கே இருப்பவர்கள் பெரும்பாலும் அரபிகள். இவனைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், என்ன செய்தாய் என்று கேட்கிறார்கள். ஓர் அரபியைக் கொன்றேன் என்கிறான். எல்லோரும் அமைதியாகிவிடுகிறார்கள். கொஞ்ச நேரத்தில் இருட்டுகிறது. படுப்பதற்குக் கொடுத்த பாயை எப்படிப் போட வேண்டும், ஒரு முனையைச் சுருட்டினால் எப்படித் தலையணையாகும் என்று அவர்களே இவனுக்குச் சொல்லித் தருகிறார்கள்.

அவ்வளவுதான். ஏன் சொல்லித் தந்தார்கள் என்று மெர்சோ யோசிப்பதில்லை. ராத்திரி முழுக்க மூட்டைப்பூச்சி ஊர்ந்தது என்று அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறான். சில நாளில் தனி அறைக்கும் மாற்றிவிடுகிறார்கள். அந்த அமைதிக்கும் பாய்க்கும் நடுவில் அந்த அறையில் என்ன நடந்தது? யார் முதலில் வாயைத் திறந்தது? யாராவது தடுத்தார்களா? ஒன்றும் தெரியாது. தன் இனத்தானைக் கொன்றவனுக்குப் பாய் போடக் கற்றுக்கொடுக்கும் இந்தப் பெயரில்லாத ஆட்களை வைத்து ஒரு முழு நாவல் எழுதலாம். நீதிமன்றத்தில் வரிசையாக வந்த பெயருள்ளவர்கள் பலர் அவனுக்காகப் பேசினார்கள். அவனை அறியாத, அவனிடம் கடன்படாத ஒருவர் அவனுக்குச் செய்த உதவி என்று பார்த்தால் இந்தப் பாய்தான் கண்ணில் படுகிறது.

இந்த இடத்தை வாசித்தபோது என் விடுதி ஞாபகம் வந்தது. தவிர்க்கப் பார்த்தேன், முடியவில்லை. குடிதண்ணீர் தூக்கிவந்து ஊற்றுகிற ஒருவர் இருந்தார். இரண்டு வருஷம். 'அண்ணே' என்றுதான் கூப்பிட்டேன். மஞ்சள் காமாலை வந்து நான் கிடந்தபோது கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொண்டுவந்து, முகத்தைச் சுளிக்காமல் குடி என்று பக்கத்திலேயே நின்றார். அப்போது தலைமாட்டில் கிடந்த புத்தகம் 'அந்நியன்'. உலகம் என்னோடு ஒட்டவில்லை என்று நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். அவர் பேர் எனக்குத் தெரியாது. கேட்டதில்லை. மெர்சோவின் 'அரபி'யும் நம் 'அண்ணே'யும் ஒன்றில்லைதான். உறவு வைத்துக் கூப்பிடுவதில் ஒரு மரியாதை இருக்கிறது. ஆனால் பேர் கேட்காமலே இரண்டு வருஷம் ஓட்டிவிடுகிற சௌகரியமும் அதே சொல்லில் இருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருவோம். 'யாருக்கு' என்ற கேள்வியை அந்த நாட்டிலேயே, அந்த ஆண்டுகளிலேயே நேருக்கு நேர் கேட்டவர் ஒருவர் உண்டு. ஃப்ரான்ஸ் ஃபனோன். மார்த்தினிக் தீவில் 1925-ல் பிறந்த கறுப்பர், மனநல மருத்துவர். 1953 இறுதியில், அல்ஜியர்ஸுக்குப் பக்கத்தில் உள்ள ப்ளிதா மனநல மருத்துவமனைக்கு வேலைக்கு வருகிறார். பிரெஞ்சில் பைத்தியம் பிடித்தவரைக் குறிக்கும் பழைய சட்டச் சொல்லும் அந்நியமாதலைக் குறிக்கும் சொல்லும் ஒரே வேரில் வருபவை. தத்துவக்காரர்கள் கஃபேயில் உட்கார்ந்து பேசிய சொல் ஃபனோனுக்கு வார்டில் படுத்திருந்த நோயாளி.

ப்ளிதாவில் அவர் பட்ட ஒரு தோல்வியைப் பற்றி, உடன் பணியாற்றிய ஜாக் அஸூலேயோடு சேர்ந்து 1954-ல் ஒரு கட்டுரை எழுதினார். இருத்தலியல் நூல்கள் பத்தைவிட அது எனக்கு அதிகம் சொல்லிக்கொடுத்தது. அவர் பொறுப்பில் ஐரோப்பியப் பெண்கள் வார்டும் முஸ்லிம் ஆண்கள் வார்டும் இருந்தன. பிரான்சில் சேன்-அல்பான் மருத்துவமனையில் தொஸ்கெல்லிடம் கற்றுக்கொண்ட முறையை இரண்டிலும் புகுத்தினார். நோயாளிகள் கூடிப் பேசுவது, சேர்ந்து விழா எடுப்பது, தங்களுக்கென்று பத்திரிகை நடத்துவது, படம் பார்ப்பது. பெண்கள் வார்டில் நல்ல பலன். ஆண்கள் வார்டில் ஒன்றும் நடக்கவில்லை. பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். மெர்சோ மாதிரி எதிலும் பட்டுக்கொள்ளாமல்.

ஒரு கெட்டிக்காரத் தத்துவவாதியாக இருந்திருந்தால் அந்த மௌனத்தில் மனித இருப்பின் வெறுமையைப் பார்த்திருப்பார். அன்றைய காலனி மருத்துவமோ அது வட ஆப்பிரிக்கனின் மூளையிலேயே உள்ள குறை என்று சொல்லிக்கொண்டிருந்தது. ஃபனோன் தன் முறையைச் சந்தேகப்பட்டார். விழா யாருடைய விழா? பாட்டு யாருடைய பாட்டு? எழுதப் படிக்கத் தெரியாதவருக்குப் பத்திரிகை எதற்கு? மருத்துவருக்கும் நோயாளிக்கும் நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர் நின்றால் என்ன பேச முடியும்? அந்த மனிதர்கள் உலகத்துக்கு அந்நியமாகவில்லை, மருத்துவமனைதான் அவர்களுக்கு அந்நியமாக இருந்தது என்று புரிந்துகொண்டார். பிறகு அவர்கள் ஊர் வழக்கப்படி ஒரு காப்பிக்கடை திறந்தார்கள், முஸ்லிம் பண்டிகைகளைக் கொண்டாடினார்கள், கதைசொல்லியை வரவழைத்தார்கள். வார்டில் பேச்சு வந்தது.

1956-ல் அந்த வேலையை உதறியபோது ஆளுநர் பொறுப்பிலிருந்த அமைச்சர் ரொபேர் லகோஸ்துக்கு ஃபனோன் எழுதிய கடிதத்தின் மையமான வாதம் இது: மனிதன் தன் சூழலுக்கு அந்நியனாக இல்லாமல் இருக்க உதவுவதுதான் மனநல மருத்துவம், ஆனால் அரபி தன் சொந்த நாட்டிலேயே நிரந்தர அந்நியனாக வைக்கப்பட்டிருக்கும்போது அந்த மருத்துவத்துக்கு அங்கே என்ன அர்த்தம்? காம்யு தன் நாவலுக்கு வைத்த அதே தலைப்பை ஃபனோன் கடற்கரையில் செத்துக்கிடந்தவனுக்குக் கொடுத்துவிட்டார் என்று எனக்குத் தோன்றுகிறது. நாவலை மனத்தில் வைத்துத்தான் எழுதினார் என்று நான் சொல்லவரவில்லை. வரிசை வைத்துப் படிக்கும்போது அப்படித் தெரிகிறது.

இங்கே காம்யுவை வில்லனாக்கிவிட்டுப் போவது சுலபம். எனக்கு அதில் விருப்பமில்லை. அவர் அப்பா 1914-ல் மார்ன் போரில் காயம்பட்டு இறந்தபோது அவருக்கு ஒரு வயது ஆகவில்லை. அம்மா காதரின், காது சரியாகக் கேட்காதவர், எழுதப் படிக்கத் தெரியாதவர், பெல்கூர் பகுதியில் வீட்டு வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தவர். அவருக்கு அல்ஜியர்ஸை விட்டால் வேறு ஊர் கிடையாது. 1957 டிசம்பரில் ஸ்டாக்ஹோமில் ஓர் அல்ஜீரிய இளைஞர் கேள்வி கேட்டபோது, அல்ஜியர்ஸ் டிராம்களில் குண்டு வைக்கிறார்கள், அதில் என் அம்மா இருக்கலாம், அதுதான் நீதி என்றால் எனக்கு அம்மாதான் முக்கியம் என்ற பொருளில் காம்யு சொன்னார். அதற்காக அவரைக் கிழித்தெடுத்தார்கள். அம்மாவுக்காக அழாத மகனைப் படைத்தவர் சொன்ன பதில் அது. அந்தத் தாய் யாருக்கு அந்நியர்? அரபிக்கு அவர் ஆளும் இனம். பாரிஸ்காரருக்கு அவர் ஏழைப் பட்டிக்காடு. இன்னொரு தகவல்: காதரினின் பிறந்த வீட்டுப் பெயர் சேன்தேஸ். நாவலில் பெண்ணை அடிக்கிற ரேமோனின் குடும்பப் பெயரும் அதுவே. அம்மா வீட்டுப் பெயரை எதற்காக அந்த ஆளுக்கு வைத்தார் என்று எவ்வளவு யோசித்தும் எனக்கு எட்டவில்லை.

கடைசியாக ஒரு புத்தகம். அல்ஜீரியர் காமெல் தாவுத் 2013-ல் வெளியிட்ட நாவலை ஸ்ரீராமே 'மெர்சோ: மறுவிசாரணை' என்று தமிழில் கொண்டுவந்திருக்கிறார். இரண்டையும் ஒரே மொழிபெயர்ப்பாளர் கையால் அடுத்தடுத்துப் படிக்கக் கிடைத்தது தமிழ் வாசகர்களின் அதிர்ஷ்டம். செத்துப்போன அரபியின் தம்பி ஹாரூன், வயதாகிப்போய், ஒரான் நகரத்து மதுக்கடையில் உட்கார்ந்து புலம்புகிறான். அண்ணனுக்குப் பெயர் உண்டு, மூஸா. பெயர் கொடுத்ததற்காகவே இந்த நாவலைக் கொண்டாடினார்கள். எனக்கு அதைவிடப் பிடித்தது வேறு. 1962 ஜூலையில், சுதந்திரம் வந்த கையோடு, ஹாரூன் ஒரு பிரெஞ்சுக்காரனைக் கொன்றுவிடுகிறான். புதிய அரசின் அதிகாரி அவனை விசாரிக்கிறார். ஏன் கொன்றாய் என்பது அவருக்குப் பெரிய விஷயமில்லை. சில நாள் முன்னாடி, போர் நடக்கும்போதே ஏன் கொல்லவில்லை என்பதுதான் குற்றச்சாட்டு. கொடி மாறிவிட்டது. செத்தவனைப் பற்றி இந்த அறையிலும் யாருக்கும் அக்கறையில்லை. மெர்சோவின் நீதிமன்றத்தைத் தாவுத் சரியாகவே வாசித்திருக்கிறார்.

அவரிடமும் ஒரு மனத்தாங்கல். காம்யுவின் கதைப்படி எல்லாத் தகராறும் அடிவாங்கிய அந்தப் பெண்ணிலிருந்து தொடங்குகிறது. ரேமோனைப் பின்தொடர்ந்தவன் அவளுடைய சகோதரன். தாவுதின் ஹாரூனோ, தங்களுக்கு அப்படி ஒரு சகோதரியே கிடையாது, அண்ணனும் நானும்தான் என்று அடித்துச் சொல்கிறான். குடும்ப மானத்தைக் காப்பாற்றுவதற்கு அவனுக்கு அது தேவைப்படுகிறது, புரிகிறது. ஆனால் அதோடு அவள் அந்த வீட்டுக்கும் இல்லாதவளாகிவிடுகிறாள்.

என் பிரதியில், ரேமோன் அவள் பெயரைச் சொல்கிற பக்கத்தில், இந்த முறை ஓரத்தில் பென்சிலால் ஒரு சின்னக் கேள்விக்குறி போட்டிருக்கிறேன். சித்தி பையன் அடுத்த மாசம் மறுபடி வருகிறான். புத்தகத்தை அவனிடம் கொடுத்துவிடலாம் என்றிருக்கிறேன்.